பிரேக் சூடாகிறதா, பிடித்துக்கொள்கிறதா? வீட்டு வாசலிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

தோட்டத்துப் பக்கம் ஓடும் கார்களுக்குப் பிரேக் தொல்லை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பெடல் மெத்தென்று அமுங்கி, சக்கரத்திலிருந்து கருகிய வாடை அடிப்பது. இன்னொன்று, பிரேக்கை அதிகம் தொடாமல் சமதரையில் ஓட்டியும் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது, கார் ஒரு பக்கமாக இழுப்பது, நியூட்ரலில் விட்டால் உருளாமல் நின்றுவிடுவது. முதலாவது பெரும்பாலும் ஓட்டும் முறையாலும் பழைய பிரேக் எண்ணெயாலும் வருவது. இரண்டாவது, ஏதோ ஒரு பாகம் பிடித்த பிடியை விடாததால் வருவது.

இந்த இரண்டாவது வகையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்து, "பேட்ட மாத்திட்டா சரியாயிடும்" என்று மாற்றிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே சக்கரம், அதே வாடை. பேட் தேய்ந்தது விளைவுதான். பிடித்து வைத்திருப்பது வேறொன்று. அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்தச் சக்கரம்? அதைப் பிடித்திருப்பது குழாய்க்குள் சிக்கிய எண்ணெய் அழுத்தமா, துருப்பிடித்த இரும்பா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு சிறிய நிப்பிள், அதாவது சக்கரத்துப் பிரேக்கிலிருந்து எண்ணெயை வெளியே விடும் திருகு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பெரோடுவா மைவி, அக்சியா, புரோட்டோன் சாகா போல முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் தாமான்களிலும் தோட்ட வீடுகளிலும் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

மலை இறக்கத்தில் சூடாவது

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரிங்லெட், லாத்தா இஸ்கண்டார் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. 1,000 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி 13 மெகாஜூலுக்கு மேல். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். எஞ்சினும் காற்றும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். 'டி' கியரிலேயே விட்டுப் பெடலில் காலை வைத்தபடி இறங்கினால் மீதியெல்லாம் பிரேக் தலையில்தான் விழும்.

இங்கே பெடலின் உணர்வைக் கவனியுங்கள். பெடல் கல் போல இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல அமுங்கிக் கீழே போனால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுவது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

இறக்கத்தில் ஆட்டோ காராக இருந்தால் '2' அல்லது 'எல்', மேனுவலாக இருந்தால் இரண்டாம் மூன்றாம் கியர். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். புகை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆற விடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடிப்பு விடும். பெடல் மெத்தென்று ஆகியிருந்தால், ஆறிய பிறகு பழையபடி இறுகினாலும், எண்ணெயை மாற்றாமல் மறுபடி மலை ஏறாதீர்கள்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது

மழை இல்லாத நாளில், தாப்பா–பீடோர் பழைய சாலை போன்ற நேரான சாலையில் பத்து கிலோமீட்டர் போல ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக்கைத் தொடாதீர்கள். கடைசியில் ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து நிறுத்தி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. பளபளப்பான இரும்பில் அது குறைத்துக் காட்டும் என்பதால், பேட் உரசும் பளிச்சென்ற முகத்தை விட்டுவிட்டு, நடுவில் துரு படிந்த பகுதியில் குறி வையுங்கள். பின்னால் டிரம்மின் வெளிப்புறம் போதும். கருவி இல்லாவிட்டால் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிக் காட்டினாலே வித்தியாசம் தெரியும். தொட்டுப் பார்க்கக் கூடாது.

முன் சக்கரம் பின் சக்கரத்தை விடச் சூடாக இருப்பது சகஜம். இடத்தையும் வலத்தையும்தான் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மற்றதைப் போல இரண்டு மடங்கு காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

கிடைக்கும் விடையே பாதி வேலையைச் சொல்லிவிடும். ஒரே ஒரு முன் சக்கரம் என்றால் கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி), ஸ்லைடு பின் (கேலிப்பர் வழுக்கி நகர உதவும் தண்டு), அல்லது அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ். பின்னால் ஒன்றோ இரண்டுமோ என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசுவது), வீல் பம்ப் (ஷூவைத் தள்ளும் சிறு பம்ப்). முன்னால் இரண்டும், அல்லது நான்கும் சுட்டால், பெடலை மிதிக்கும்போது எண்ணெயை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் பம்ப் பக்கம் பாருங்கள். முன் இடமும் பின் வலமும் சேர்ந்து சுட்டாலும் மாஸ்டர் பம்ப்தான். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் எண்ணெய்க் குழாய் குறுக்காகத்தான் பிரிக்கப்பட்டிருக்கும்.

கார் எப்போது இழுக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிரேக்கைத் தொடாமலே இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரம் பிடித்திருக்கிறது. பிரேக் போடும்போது மட்டும் வலப்பக்கம் பாய்ந்தால், பெரும்பாலும் இடது பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல பக்கத்தைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

சூடாக இருக்கும் சக்கரத்தில் வேகத்துக்கு ஏற்ப ஏறும் 'ங்' என்ற இரைச்சலும் இருந்தால் பேரிங்கையும் சந்தேகியுங்கள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும்.

தூக்கும் முன்

கார் முழுதாக ஆறட்டும். சிமெண்டுத் தரைதான் சரி. தோட்ட வீட்டு வாசல் மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால், ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை போடுங்கள். மழையில் ஊறிய செம்மண் கண்ணெதிரே அமுங்கும். ஜேக்கை மட்டும் நம்பி எதையும் கழற்றக் கூடாது. ஜேக் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஓட்டையுள்ள சிமெண்டுக் கல்லை அடுக்குவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் சக்கரத்தில் வேலை என்றால் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டியிருக்கும், அப்போது அந்தக் கட்டைகளையே நம்பி இருக்கிறோம்.

பிரேக் தூசியைக் காற்றடித்தோ ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்பிரே டிஸ்க், பேட், ஷூ பக்கமே வரக் கூடாது.

நிப்பிள் சோதனை

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். முதல் நாள் இரவே பிளீடர் நிப்பிளின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து வையுங்கள். நிப்பிள் பொதுவாக 8 அல்லது 10 மில்லிமீட்டர். ஆறு முனை உள்ள சாக்கெட்டால் திருப்புங்கள். வாய் திறந்த ஸ்பேனர் மூலைகளை உருட்டிவிடும்.

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் இருப்பது இயல்பு. இப்போது காரில் ஒருவர் உட்கார்ந்து, எஞ்சினை ஓட விடாமல், பெடலைப் பல முறை அழுத்தி விடட்டும். விட்டவுடன் மறுபடி சுற்றுங்கள். சக்கரம் கல்லாகப் பிடித்திருந்தால், நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, கால் சுற்று தளர்த்துங்கள்.

எண்ணெய் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. கேலிப்பரில் கோளாறு இல்லை. ஹோஸிலோ மாஸ்டர் பம்ப்பிலோதான். எண்ணெய் சொட்டியும் சக்கரம் அப்படியே இருந்தால் கோளாறு இரும்பில்: பிஸ்டன், ஸ்லைடு பின், பேட்.

அழுத்தம் சிக்கியிருந்தது என்று தெரிந்தால் இன்னொரு படி. நிப்பிளை இறுக்கி, மறுபடி பெடலை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்க வையுங்கள். இப்போது மாஸ்டர் பம்ப்பை பூஸ்டரோடு (கால் அழுத்தத்தைப் பெருக்கும் வட்ட டப்பா) பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைச் சில மில்லிமீட்டர் தளர்த்தி, பம்ப்பை முன்னால் இழுங்கள். சக்கரம் விடுபட்டால் பூஸ்டரின் தள்ளுதண்டு அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது, பம்ப்பின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவில்லை. பெடல் அருகே பிரேக் லைட் சுவிட்சைத் தவறாக மாட்டியிருந்தாலும் இதே கதைதான். அதிலும் விடுபடவில்லை என்றால், சக்கரத்துக்கு முன்னால் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே விடுபட்டால் அடைப்பு மேலே, மாஸ்டர் பம்ப்பில். அங்கேயும் விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸ்தான்.

ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். உட்பக்க ரப்பர் உப்பியோ கிழிந்தோ ஒருவழிக் கதவாகிவிடும்: நீங்கள் அழுத்தும் அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் துரு உப்பி ரப்பரை நெரிப்பதும் உண்டு. செம்பனைத் தோட்டப் பாதைகளில் செம்மண் சேறு அங்கேதான் போய் உறையும், மாதக்கணக்கில் ஈரம் காயாது. ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் கேலிப்பர் வாங்கலாம், ஹோஸ் மட்டும் பழையது வாங்காதீர்கள். ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் போட மறக்க வேண்டாம்.

கேலிப்பரைக் கழற்றிப் பார்ப்பது

டிஸ்க் கேலிப்பரின் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல் பிரேக் போடும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழைதான் சக்கரத்தைச் சுதந்திரமாகச் சுற்ற விடுகிறது. பிஸ்டனில் கொஞ்சம் துரு, பின்னில் கொஞ்சம் காய்ந்த கிரீஸ், பேட்டின் காதில் (இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி) கொஞ்சம் அழுக்கு இருந்தால் போதும், அந்த இழுப்பு தோற்றுவிடும்.

கேலிப்பரின் பின்பக்கம் உள்ள இரண்டு போல்ட்டைக் கழற்றி, அதைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் தொங்க விடுங்கள். ஹோஸில் தொங்க விடக் கூடாது. பேட்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்திருந்தால் ஒரு ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பேட்டின் காது சிக்கியிருக்கிறது. உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை அல்லது பின்கள் நகரவில்லை. வெளிப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின்கள் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. பேட்டில் உரசும் பொருள் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நீலத் திட்டு இருந்தால் கூர்ந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் டிஸ்க் போய்விட்டது.

ஸ்லைடு பின்களை வெளியே இழுங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பல கார்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும், இடம் மாற்றிவிடாதீர்கள். பிரேக் கிளீனரால் பின்னையும் துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். பேரிங் கிரீஸ் போடவே கூடாது. கனிம எண்ணெய் பிரேக் ரப்பரை ஊத வைக்கும், சில மாதங்களில் பின் முன்னைவிட மோசமாக இறுகும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் மாற்றுங்கள். வாட்டர் ஜெட்டை நேராகச் சக்கரத்துக்குள் அடித்துக் கழுவுகிற கார்களில் இந்தப் பூட் வழியாகத்தான் தண்ணீர் புகுகிறது.

அடுத்தது பலரும் தவற விடும் இடம். பேட்டின் காதுகள் உட்காரும் தகட்டுக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் துரு உப்பி, கிளிப்பை மேலே தூக்கியிருக்கும். பேட் அங்கே இறுகும். கம்பிப் பிரஷ்ஷாலும் அரத்தாலும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இந்தத் துரு இன்னும் வேகமாக வரும். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு, சிந்தினால் இரும்பைத் தின்னும்.

இப்போது பிஸ்டன். பழைய பேட்டை வைத்து, நிப்பிளைத் திறந்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அழுக்கு எண்ணெய் மேலே ஏபிஎஸ் யூனிட்டுக்குத் திரும்பாமல் வெளியே போய்விடும். சீராக உள்ளே போய், நிப்பிளை மூடிப் பெடலை லேசாக அழுத்தினால் சீராக வெளியே வந்தால் பிஸ்டன் நலம். திக்கித் திக்கிப் போனாலோ, தூசி மறைப்பு ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ ரிப்பேர் கிட் போட வேண்டும். பிஸ்டனின் பளபளப்பில் குழி விழுந்திருந்தால் மணல்தாளால் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள். பிஸ்டனையோ முழு கேலிப்பரையோ மாற்றுங்கள். சீலைப் புது பிரேக் எண்ணெயில் நனைத்து மாட்ட வேண்டும், வேறு எந்த எண்ணெயும் ஆகாது.

பின் டிரம்மும் ஹேண்ட் பிரேக்கும்

பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்ய, கார் வாரக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டபடி வாசலில் நிற்கிறது என்றால் இங்கேதான் தொல்லை. மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி வைப்பது நல்லது.

டிரம் கழறவில்லை என்றால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். பல கார்களில் டிரம்மின் முகத்திலேயே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். பொருத்தமான 8 மில்லிமீட்டர் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். வீல் பம்ப்பின் ரப்பர் உறையை லேசாக விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. ஷூ உரசும் பின்தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரின் மரை இடத்துக்கும் வலத்துக்கும் வேறு, கலக்காதீர்கள்.

முதலில் ஷூவைச் சரியான இடைவெளிக்குக் கொண்டு வந்துவிட்டு, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை இறுக்கி ஷூ தேய்மானத்தை மறைப்பதால்தான் பல கார்களில் பின் பிரேக் எப்போதும் பிடித்தபடி ஓடுகிறது. கைப்பிடியை இறக்கியதும் சக்கரத்தில் உள்ள நெம்புகோல் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, மாற்றுவதே வழி.

காற்று எடுப்பது

எண்ணெய்க் குழாயைத் திறந்த எல்லா வேலைக்கும் பிறகு, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் இது கட்டாயம். மூடி திறந்து பல மாதமான போத்தல் எண்ணெய் வேண்டாம். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். டாட் 5 சிலிக்கான் எண்ணெய் மற்றவற்றோடு சேராது, வாங்காதீர்கள். வரிசை காரின் கையேட்டில் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் மாஸ்டர் பம்ப்புக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் நம் கார்களில் அது பெரும்பாலும் பின் இடது.

உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். "தம்பி, மிதி." "மிதிச்சிட்டேன் மாமா." நிப்பிளைத் திற, எண்ணெயும் குமிழியும் வரும், மூடு. "இப்ப விடு." மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எண்ணெய்த் தொட்டி ஒருபோதும் காலியாகக் கூடாது. குமிழி நின்று, எண்ணெய் தெளிந்து வரும் வரை தொடருங்கள்.

தொட்டியின் மூடி ரப்பர் ஊதிப் பெருத்திருந்தால் யாரோ எஞ்சின் எண்ணெயோ பவர் ஸ்டியரிங் எண்ணெயோ ஊற்றியிருக்கிறார்கள். அப்போது காற்று எடுத்துப் பயனில்லை. எண்ணெய் தொட்ட ரப்பர் அத்தனையும் மாற வேண்டும். அதையும், நிப்பிள் முறிந்ததையும், துருவில் அரித்த இரும்புக் குழாயையும், பூஸ்டர், ஏபிஎஸ் கோளாறையும் நல்ல ஃபோர்மேனிடம் விடுங்கள். நீங்கள் செய்த சோதனையை அவரிடம் சொன்னால் தேவையில்லாத பாகம் எதுவும் மாறாது.

ஓட்டிப் பார்ப்பது

சக்கர நட்டைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி, கையேட்டின் அளவே இறுதி. காரை நகர்த்தும் முன் பெடல் மேலே வந்து இறுகும் வரை அழுத்துங்கள். பேட்டைத் தள்ளி வைத்த பிறகு முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது. வாசலிலிருந்து நேராக வடிகாலில் இறங்கும் கார்கள் இப்படித்தான் இறங்குகின்றன.

முதலில் தாமானுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புது பேட் என்றால், ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், ஆற விட்டு, பத்து முறை போலச் செய்யுங்கள். பிறகு பீடோர் சாலையில் முதலில் செய்த அதே சூட்டுச் சோதனையைத் திரும்பச் செய்து, குறித்து வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். இடமும் வலமும் நெருங்கி வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு எண்ணெய் அளவையும், திறந்து மூடிய ஒவ்வொரு நிப்பிளிலும் இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்பதையும் மறுபடி பாருங்கள். அதன் பிறகு கேமரன் மலைக்கு ஏறலாம்.